விழுந்த பூனை அடுத்த காட்சியில்

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. சாலிகிராமத்தின் இந்தத் தெருவில் காலிக் குடங்களோடு நின்ற நாற்பது பேரில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்று எண்ணிக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன். அந்த எண்ணத்தால் ஒரு சொட்டும் சுரக்கவில்லை.

எழுத உட்கார்ந்தது தண்ணீரைப் பற்றி அல்ல. செண்பகவல்லி இன்று சிரித்தாள்.

என் மனைவி மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்து ஐம்பத்தொரு நாள். வலது கையும் காலும் அசையாது. பேச்சு போய்விட்டது. ஊட்டினால் விழுங்குகிறாள், கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறாள். காலை பத்தரைக்கு, அவளுக்காக இல்லை, எனக்காகத்தான், பழைய அயல்நாட்டு கார்ட்டூன் குறும்படம் ஒன்றைப் போட்டேன். ஏழு நிமிடம், எண்பது வருடத்துக்கு முன்னால் வரைந்தது. நாய் ஓர் ஏணியில் ஏறுகிறது, ஏணி முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே போகிறது, பிறகு கீழே பார்க்கிறது. பார்க்கும்வரை விழாது. இந்தக் கலையின் முதல் விதி அதுதான்.

நாய் விழுந்தது. கட்டிலிலிருந்து சிரிப்பு. தொண்டை திறந்த, தோள் குலுங்கும் சிரிப்பு. இருபத்தாறு ஆண்டு மண வாழ்வில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஜூன் 5, புதன்

மூன்று படம் போட்டேன். மூன்றுக்கும் சிரித்தாள்.

எழுத வேறு தாள் இல்லாததால் பழைய டைமிங் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கார்ட்டூன் ஸ்டூடியோவை விட்டு வரும்போது நான் கொண்டுவந்தது இந்தக் கட்டு ஒன்றுதான். முன்பக்கம் முழுக்கக் கோடுகள். ஒரு வரி ஒரு ஃப்ரேம். இருபத்துநான்கு வரி ஒரு வினாடி. எந்த வரியில் கால் வழுக்க வேண்டும், எந்த வரியில் தலை தரையில் மோத வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகக் குறிப்போம். உருவம் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் எண் எழுத மாட்டோம், மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு இழுப்போம். கோடு இருக்கும்வரை அது அப்படியே இருக்கும்.

முப்பது ஆண்டு இந்தத் தாளில் வேலை செய்தவன் நான். எங்கள் இயக்குநர் ஜெயசிங்குக்கு இதை நிரப்பவே தெரியாது. விருது வாங்கியது அவன்.

ஜூன் 9, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து வேலாயுதம் பேசினார். செண்பகத்தின் அண்ணன். விதை வியாபாரம். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்வதாக நடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

"மாப்ளே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. இங்க வீடு நெறைய ஆளு இருக்கு. அங்க நீங்க ஒத்த ஆளா என்னத்தச் செய்வீய?"

"நர்ஸ் இருக்காங்க."

"நர்ஸு சாயந்திரம் ஆறு மணிக்குப் போயிருவா. ஜூலைல டாக்டரம்மா பாக்கட்டும். செண்பகத்துக்கு உங்கள அடையாளம் தெரியுது, அங்க அவ நிம்மதியா இருக்கான்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா இருபத்தெட்டாந் தேதி வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"அவ சிரிக்கிறா, மச்சான்" என்றேன்.

"யாரு, செண்பகமா?" என்று கேட்டார், நான் வேறு யாருடைய மனைவியைப் பற்றியோ சொன்னதுபோல.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் போனால் இந்த வீட்டில் நானும் குடங்களும்தான்.

ஜூன் 10, திங்கள்

டாக்டர் உமையாளிடம் அழைத்துப்போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைப்போல் மகிழவில்லை. ஏதோ நீளமாக விளக்கினார். பாதியில் கவனிப்பதை விட்டுவிட்டேன். சிரிப்பை அடக்கப் புது மாத்திரை ஒன்று எழுதினார். சின்னது, வெள்ளை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

அந்த மாத்திரையை மட்டும் நானே கொடுத்துவிடுவதாகப் பிலோமினாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

லாரி வந்தது. ஆறு குடம்.

பிலோமினா பகல் நேர நர்ஸ். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். நாற்பது வயது, வாய் ஓயாது. நான் ஸ்டாப் வாட்சும் தாளுமாகக் கட்டிலருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், அம்மா சிரிக்கறதுக்கு மார்க் போட்டுனு இருக்கீங்களா? எவ்ளோ குடுத்தீங்க?" என்றாள்.

"இது ஆராய்ச்சி."

"என் வூட்டுக்காரரு கூட ஒரு காலத்துல ஆராய்ச்சி பண்ணாரு. எந்தக் கடையில ஊறுகா சும்மா தர்றான்னு."

அதற்கும் செண்பகம் சிரித்தாள். பிலோமினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அதைத் தாளில் குறிக்கவில்லை.

ஜூன் 15, சனி

மாத்திரை: இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

இந்தப் படங்கள் ஏன் சாகவில்லை என்று ஆறு வருடம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தேன். பிறகு "நீங்க மாணவர்களைத் திட்டுறீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திட்டியது உண்மை. ஆனால் ஒன்று அவர்களுக்குத் தெரியாது. நான் பேசும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பிள்ளைகள், விளக்கை அணைத்து அந்தப் பழைய ஏழு நிமிடத்தைப் போட்டால், ஒருவன் விடாமல் தலை நிமிர்வார்கள். வசனம் கிடையாது. எந்த ஊர், எந்தக் காலம் என்று கிடையாது. ஒருவன் ஒன்றுக்கு ஆசைப்படுகிறான். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும், கதவு, கயிறு, சீப்பு, வாழைப்பழத்தோல் எல்லாம், அவனுக்கு எதிராகக் கூட்டுச் சேர்கின்றன. அவன் திட்டம் போடுகிறான். திட்டம் எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு பலமான அடி. துரத்தப்படுபவன் அடி வாங்குவதே இல்லை, துரத்துபவன்தான் வாங்குகிறான்.

அப்புறம், இதுதான் முக்கியம், விழுந்தவன் அடுத்த காட்சியில் முழுசாக வருகிறான். மலையிலிருந்து விழுந்து தோசைபோல் தட்டையானவன், காட்சி வெட்டியதும் புதுத் திட்டத்தோடு, புதுச் சுத்தியலோடு நிற்கிறான். நடுவில் என்ன ஆனது என்று எவரும் கேட்பதில்லை. கேட்காத வரை சிரிக்கலாம். டைமிங் ஷீட்டிலும் அந்த நடுவுக்கு இடம் கிடையாது. விழுந்த ஃப்ரேமுக்கு அடுத்த வரியிலேயே அடுத்த காட்சி தொடங்கும்.

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 20, வியாழன்

முன்னறிவிப்பில்லாமல் வேலாயுதம் வந்தார், ஒரு பை நிறைய கருப்பட்டி மிட்டாயோடு. விழுங்கவே திணறுகிறவளுக்கு மிட்டாய்.

கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். "ஏட்டி செண்பகம், அண்ணன் வந்திருக்கேன், பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டியாட்டி?" கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது ஆள், மீசையெல்லாம் நனைய அழுதார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. அவர் அழ அழ அவள் சிரித்தாள்.

வேலாயுதம் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது, "இது அவ சிரிப்பு இல்ல மாப்ளே" என்றார்.

"பின்ன யார் சிரிப்பு?"

அவர் சாப்பிடாமலே போனார். எனக்கு அவரிடம் இருபது வருடக் கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து "மாப்ள பொம்ம வரையுதாரு" என்று தன் நண்பரிடம் என்னை அறிமுகம் செய்து வைத்தவர் அவர். இன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

என் படத்தைப் போட்டேன்.

ஆம், என் படம். 1991. 'ஒரு கருவாடு'. ஆறு நிமிடம் நாற்பது வினாடி. கொடிக்கயிற்றில் ஒரு கருவாடு காய்கிறது. ஒரு பூனை. ஒரு காகம். பூனை பானைமேல் பானை அடுக்கி ஏறும். காகம் அடிப்பானையைத் தட்டும். பூனை கிணற்று வாளியில் உட்கார்ந்து ராட்டினத்தில் மேலே போகும்; மறுமுனையில் காகம் அம்மிக்கல்லை அவிழ்த்துவிடும். பதினொரு முறை விழும். கடைசியில் கருவாடு தானே அறுந்து பூனையின் வாய்க்குள் விழும்போது, பூனைக்குப் பல் ஒன்றுகூட மிச்சமிருக்காது. ஒவ்வொரு விழுகையும் என் கையால் வரைந்தது. தலைப்பில் 'இயக்கம்: ஜெயசிங்' என்று ஓடும். என் பெயர் பதினான்காவது, பிழையோடு.

பதினொரு விழுகைக்கும் செண்பகம் சிரித்தாள்.

திருமணமான நான்காம் நாள் அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் இதே படத்தைப் போட்டுக் காட்டினேன். இருட்டில் அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. விளக்கு எரிந்ததும், கணக்கு டீச்சரான என் புது மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பூனைக்கு வலிக்காதா?"

இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. அதன்பிறகும் பல விஷயங்களை அவளிடம் பேசவில்லை. ஜெயசிங்கைக்கூட ஏதாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன் என்று தோன்றும். அந்தக் கேள்வியை மன்னித்ததில்லை.

இன்று பதினொன்றுக்குப் பதினொன்று.

ஜூன் 27, வியாழன்

பெரிய கண்டுபிடிப்பு. ஸ்டாப் வாட்சில் நான்கு நாள் அளந்தேன். சிரிப்பு, பூனை விழுந்த பிறகு தொடங்குவதில்லை. விழுவதற்கு எட்டு, பத்து ஃப்ரேம் முன்பே தொடங்குகிறது. அதாவது அவளுக்கு விழப்போவது தெரிகிறது. படம் நினைவிருக்கிறது! நினைவு இருக்கிறது என்றால் அவள் உள்ளே இருக்கிறாள். நான் யார் என்று தெரியும்.

இதைத் தாளின் முன்பக்கத்தில், முறைப்படி, சிவப்புப் பென்சிலில் குறித்துவிட்டேன். டாக்டரிடம் காட்ட வேண்டும். வேலாயுதத்துக்கு ஒரு நகல்.

ஜூன் 28, வெள்ளி

மாத்திரை: இல்லை. லாரி: இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

தொலைக்காட்சியில் ஜெயசிங். தலைக்குச் சாயம். "அந்தக் கிணற்று வாளி ஐடியா எனக்கு எப்படி வந்துச்சுன்னா…" என்று தொடங்கினான். அது எனக்கு வந்தது. சைதாப்பேட்டையில், ஒண்டுக்குடித்தன வீட்டின் பொதுக் கிணற்றில், இருபத்து மூன்று வயதில் எனக்கு வந்தது.

கையிலிருந்த ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். செண்பகம் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

பிலோமினா இன்று மதியம் செண்பகத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் படத்தைப் போட்டுவிட்டுத் தாளோடு உட்கார்ந்தேன். மூன்று விழுகை ஆனது. பிலோமினா சீப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"சார், ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"அம்மா டிவியையே பாக்கல சார். உங்களத்தான் பாக்குது."

"உளறாதே."

"நீங்க பாக்க மாட்டீங்க, நீங்கதான் டிவியப் பாத்துனு இருக்கீங்களே. அந்தப் பூன உழறதுக்கு முன்னாடி நீங்க இப்டி முன்னாடி குனியறீங்க. வாயத் தொறக்கறீங்க. கண்ணு இவ்ளோ பெருசாவுது. அதப் பாத்துதான் அம்மா சிரிக்குது."

அவளை வெளியே போகச் சொன்னேன். திரும்பப் படத்தைப் போட்டேன். இந்த முறை திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். முதுகை நாற்காலியில் ஒட்டி, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

பானை சரிந்தது. வாளி அறுந்தது. அம்மிக்கல் விழுந்தது. செண்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பிறகு நான் லேசாக முன்னால் குனிந்தேன். சிரித்தாள்.

எட்டு ஃப்ரேம். நான் குனிவதற்கும் பூனை விழுவதற்கும் உள்ள இடைவெளி. ஒரு மாதமாக என்னையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

டாக்டர் உமையாள். சிவப்புப் பென்சில் தாள்களைக் கொண்டுபோயிருந்தேன், காட்டுவதாக இல்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்ததை அவரே எடுத்துப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார்.

"மிஸ்டர் அறவாழி, போன தடவையே சொன்னேன். அந்தச் சிரிப்புக்கும் சந்தோஷத்துக்கும் இப்போ சம்பந்தம் கிடையாது. மூளையில அந்த பிரேக் அறுந்துபோச்சு. ஒரு முகம் கிட்ட வந்தா போதும், ஒரு சத்தம் போதும், வந்துடும். உள்ள அவங்க அழுதுட்டிருந்தாக்கூட வெளிய சிரிப்பாத்தான் வரும். அவங்களால நிறுத்த முடியாது."

"அப்போ உள்ள…"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் அந்த மாத்திரை. சிரிப்பு அடங்கினா அவங்க முயற்சி பண்றது நமக்குத் தெரியும். இந்நேரம் அடங்கியிருக்கணுமே. ஒழுங்கா குடுக்கறீங்க இல்ல?"

"குடுக்கறேன்."

"தினமும்?"

"தினமும்."

"ஆச்சரியமா இருக்கு. டோஸைக் கூட்டிப் பாக்கலாமா?"

வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்வையைத் தாங்காமல் நான் கீழே பார்த்துவிட்டேன். கீழே பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 11, வியாழன்

பென்சில் டப்பாவில் முப்பது மாத்திரையும் அப்படியே இருக்கின்றன. எண்ணத் தேவையில்லை, எண்ணினேன்.

இன்று ஒன்று கொடுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

கொடுத்தேன். சிரிப்பு குறைகிறது. பிலோமினா வடையைப் பற்றி ஒரு பெரிய நகைச்சுவை சொன்னாள். அரைச் சிரிப்பு வந்து பாதியில் அறுந்தது.

ஜூலை 19, வெள்ளி

இரண்டு நாளாகச் சிரிப்பு இல்லை. நான் முன்னால் குனிந்து பார்த்தேன். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் பார்வை என் முகத்தின் மேல் அப்படியே நின்றது. அதில் ஒரு குற்றச்சாட்டாவது இருக்கும் என்று தேடினேன். அதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த இரவுகளில் இருப்பதுபோல.

வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது இப்போதுதான் காதில் விழுகிறது.

ஜூலை 21, ஞாயிறு

எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். படிக்க யாரும் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

ஏப்ரல் 13, சனிக்கிழமை. காலை எட்டரை. நான் கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள், "ஏங்க, கை ஒரு மாதிரி மரத்துப்போகுது" என்றாள். "ம்" என்றேன். பிறகு ஒரு டம்ளர் விழுந்த சத்தம். எவர்சில்வர் டம்ளர். தரையில் பட்டு, எகிறி, உருண்டு, வட்டமடித்து, வட்டம் சிறுத்துச் சிறுத்து அடங்கியது. நான்கு வினாடி. என் வாழ்நாளில் எந்த ஒலிப்பதிவிலும் இவ்வளவு சுத்தமான உருளல் கிடைத்ததில்லை. அதற்குமுன் ஏதோ கனமாக விழுந்த சத்தமும் கேட்டது. இரண்டும் சேர்ந்து மிகச் சரியாக இருந்தது.

சிரித்தேன். "என்ன, பூனை விழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

பதில் இல்லாததால் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அவள் கோபத்துக்கு எழுந்து போகிற வழக்கம் எனக்கில்லை. படத்தில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அது முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கியது.

டாக்டர்கள் எப்போது விழுந்தார் என்று கேட்டார்கள். ஒன்பது மணிக்கு என்றேன்.

ஜூலை 24, புதன்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து பிள்ளை எழுத்து.

காலை ஆறு மணிக்கு லாரி. ஐந்தாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தேன். முந்தைய குடங்கள் சிந்திய தண்ணீர் தரையில். தெரியும். தெரிந்தேதான் கால் வைத்தேன். வலது கால் முன்னால் போனது. இடது கால் அதைப் பிடிக்கப் போய் அதையும் தாண்டிப் போனது. ஒரு கணம் இரண்டு காலும் தரையில் இல்லை. நான் படுக்கைவாட்டில் காற்றில் இருந்தேன். குடம் மேலே போனது. நான் கீழே வந்தேன். குடத்துத் தண்ணீர் குடைபோல் விரிந்து என்மேல் இறங்கியது. கடைசியில் குடம், சரியாகத் தலையில். அதன்பிறகு மூடி. எவர்சில்வர் மூடி. தனியாக உருண்டு, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் கட்டில் காலில் இடித்து, சுழன்று சுழன்று அடங்கியது. ஐந்து வினாடி.

இதைவிடச் சிறப்பாக நானும் வரைந்ததில்லை, வேறு எவனும் வரைந்ததில்லை. பிலோமினா வர இன்னும் இரண்டு மணி நேரம். வீட்டில் பார்வையாளர் ஒருத்திதான்.

சிரிப்புக்காகக் காத்திருந்தேன். பழக்கம். மனதுக்குள் எண்ணிக்கொண்டே கிடந்தேன். இருபத்துநான்கு. நாற்பத்தெட்டு. எழுபத்திரண்டு.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் இடது கை கட்டிலின் விளிம்பைத் தாண்டி என் பக்கமாக நீண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் கோணி, திறந்து, மூடி, மறுபடி திறந்தது. ஒரு பெரிய கல்லைப் புரட்டுகிறவளைப் போல அவள் அந்தச் சொல்லைப் புரட்டினாள்.

"வ… வலி… க்குதா?"

நூற்றிரண்டு நாளில் முதல் சொல்.

"இல்ல. ஒண்ணுமில்ல" என்றேன்.

என் வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலை 25, வியாழன்

இரண்டு எலும்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலது கை.

அவளைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு கை வேண்டும். நேற்றிரவு ஒரு கையால் முயன்று பார்த்தேன். பாதி திருப்பியதும் என் பிடி நழுவியது. அவள் சத்தம் போடவில்லை. எனக்காகத்தான் போடவில்லை.

ஒன்றரை மாதமாக அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாளோ. நான் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன்.

வேலாயுதத்துக்கு நானே போன் செய்தேன். வண்டியோடு வாருங்கள் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

வந்தார்கள். வேலாயுதமும், அவர் மருமகளும், படுக்கை வைத்த ஒரு வேனும்.

என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் குத்தலாக ஏதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "ஒத்தக் கையோட எப்படி மாப்ளே தூக்குவீய… நீங்களும் வாங்க. எங்க வீட்டுல எடமா இல்ல?" என்றார்.

"கட்டுப் பிரிச்சதும் வர்றேன் மச்சான்."

"வருவீய?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

அவள் பேசியதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து கட்டிலருகே ஓடினார். "ஏட்டி, பேசுனியாமே! அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுட்டி!" அவள் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு என்னிடமும் சொல்லவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை, இரக்கம் இருந்தது. அவள் உள்ளே இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நான். என் சாட்சியத்தை நானே நம்ப மாட்டேன்.

மாத்திரைகளை எடுத்துப் பையில் வைக்கும்போது பிலோமினா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பென்சில் டப்பாவ ஜூன் மாசமே பாத்துட்டேன் சார்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னிய வேலைய உட்டு நிறுத்திருவீங்க. அப்புறம் அம்மாவ யாரு பாக்கறது? நானே எடுத்துக் குடுத்திருக்கணும். குடுக்கல. அந்தச் சிரிப்பு எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போங்க சார், கீழ போயி வழியனுப்புங்க."

அந்த மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வெள்ளை மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். "சரி மாமா, சரி மாமா" என்றாள். கிழவனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பாள்.

வேனின் பின்கதவை மூடும்முன் செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் குனியவில்லை. முகத்தை எதற்காகவும் மாற்றவில்லை. வெறுமனே நின்றேன். அவளும் வெறுமனே பார்த்தாள். பையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது.

ஜூலை 30, செவ்வாய்

லாரி வந்தது. ஒரு குடம் போதும்.

'ஒரு கருவாடு' போட்டேன். ஜெயசிங் குடித்துவிட்டு உறங்கிய இரவுகளில் ஒவ்வொரு ஃப்ரேமாக நான் வரைந்த படம். முதல் விழுகை. பானைகள் சரிந்து பூனை தரையில் மோதுகிறது. வெட்டு. அடுத்த காட்சியில் பூனை கிணற்றடியில் நிற்கிறது, ஒரு கீறல் இல்லாமல், மீசையை முறுக்கிக்கொண்டு.

படத்தை நிறுத்தினேன்.

டைமிங் ஷீட் கட்டிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து முன்பக்கம் திருப்பினேன். முதல் வரியில், இடது கையால், 'பூனை தரையில் மோதுகிறது' என்று எழுதினேன். அடுத்த காட்சியை எந்த வரியில் தொடங்குவது என்று பார்த்தேன். இவ்வளவு காலமும் அடுத்த வரிதான். பென்சிலை இரண்டாம் வரியில் வைத்து, கீழ்நோக்கிக் கோடு இழுத்தேன். பழகாத கை என்பதால் கோடு நேராக வரவில்லை. ஒரு வினாடி ஆனது. இரண்டு வினாடி. பூனை கிடக்கிறது. நான்கு வினாடியில் தாள் முடிந்தது.

அடுத்த தாளை எடுத்து, மேல் விளிம்பிலிருந்து கோட்டைத் தொடர்ந்தேன்.